ஒன்பதாவது மிதி

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகள் படித்தால் நம்ப மாட்டார்கள். நம்பினாலும் எனக்குச் சந்தோஷமில்லை. நம்பிக்கை ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்று பதினோரு வயதிலேயே பார்த்துவிட்டேன்.

ஆம்பூரில் கம்பெனிச் சங்கு ஊதுகிற நேரத்தை வைத்துச் சாப்பிட்டு, அதை வைத்தே தூங்கி வளர்ந்தவர்கள் நாம். தோல் நாற்றம் நமக்கு நாற்றமே இல்லை. வெளியூர் உறவுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவதைப் பார்த்துத்தான் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியும். எங்கள் தெருக்கோடியில் ஒரு ஷூ கம்பெனி இருந்தது. அதன் பின்பக்கம், தோல் பதனிட்ட, மூடிப்போன பழைய டேனரிக் கட்டடம். கீழே தோல் ஊறவைத்த குழிகள் வறண்டு, அடியில் செங்கறையோடு கிடக்கும். மேலே தோல் உலர்த்தும் மாடி. அதற்கு மரப்பலகைத் தரை. சுவர் கிடையாது, காற்றுக்காக நாலு பக்கமும் மரச்சட்டங்கள் மட்டும். கம்பெனியின் தையல் செக்‌ஷன் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த மாடிக்குத்தான் போவார்கள். மே மாதத்தில் ஆம்பூரில் காற்று என்று ஒன்று வீசியது அங்கே மட்டும்தான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி என் சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்தாள். இருபத்தாறு வயது. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. விடுமுறை நாட்களில் அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. அந்த வேலை இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

சித்திக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்தவர், குவைத்துக்கு எலக்ட்ரீஷியனாகப் போனவர். ஒரு வருடம் இருந்துவிட்டு வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அவர் போய்ச் சேர்ந்த ஐந்தாவது மாதம் அங்கே சண்டை வந்தது. வாணியம்பாடியிலிருந்தும் எங்கள் ஊரிலிருந்தும் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். சிலர் பெட்டியோடு, சிலர் கட்டிய துணியோடு. இவர் மட்டும் வரவில்லை. கடிதமும் இல்லை, செத்துப்போனார் என்ற செய்தியும் இல்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதற்குள் குடியாத்தத்திலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்து காத்துக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்க்கா" என்பாள் சித்தி.

"இன்னும் எத்தினி நாளிக்கிப் பாப்ப? அவன் இருக்கானா இல்லியான்னு யாராவது வந்து சொல்லணுமா?" என்பாள் அம்மா.

அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண்ணை மூடிய எத்தனையோ பேருக்குத் துணி போர்த்தியவள். அவளுக்கு ஒரு சாவு என்றால் நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டு முடிந்துவிட வேண்டும். இப்படி அந்தரத்தில் நிற்கிற ஆள் அவளைப் பேஜார் பண்ணினார். வீட்டில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறாரா, இல்லையா. அது தெரிந்தால்தான் சித்தி அவருக்காகக் காத்திருப்பதா, குடியாத்தத்துக்குப் போவதா என்று முடிவாகும்.

அந்தக் கோடையில்தான் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக்காட்ட ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அப்பா மெயின்டெனன்ஸில் இருந்ததால் அவருக்குக் கையாள் ஆனார். "இத்தாலிக்காரங்க இல்ல, பாஸ்னியாவாம்" என்று சொல்லிவிட்டு என் பள்ளிக்கூட அட்லஸைத் திறந்தார். அதில் யூகோஸ்லாவியா என்று முழுக்க ஒரே நிறம். நடுவில் விரலை வைத்து, "இங்கதான் எங்கியோ. அங்கியும் சண்டையாம்" என்றார். எங்களுக்குத் தெரிந்த வெளிநாடெல்லாம் சண்டையிலேயே இருந்தது.

அந்த அம்மாவை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். நாற்பது வயதிருக்கும். நீலக் கண். ஆம்பூர் வெயிலிலும் தலையில் கறுப்புத் துணி கட்டியிருப்பார். முதலாளி பாய் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டபோது, வாசலில் நின்று சலாம் சொன்னாராம். பாய் வீட்டு அம்மாவுக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. வெள்ளைக்காரர்களிலும் முஸ்லிம்கள் இருப்பார்கள் என்று அந்த அம்மா நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. மறுநாளே தெருவெல்லாம் தெரிந்தது.

கெஸ்ட் ஹவுஸில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் மேடம் தினமும் தையல் செக்‌ஷனுக்கு வந்தார். மத்தியானம் பெண்களோடு மாடி ஏறினார். எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் இங்கிலீஷ், மீதி கை.

ஒரு நாள் தூக்கோடு கீழே வந்து நின்றபோது மாடியில் சத்தமே இல்லை. வழக்கமாக ரேடியோ அலறும், யாராவது யாரையாவது கேலி பண்ணிச் சிரிப்பார்கள். போய்விட்டார்களோ என்று நினைத்தேன். அப்போது தலைக்கு மேல் கால்கள் நடந்தன. நடை இல்லை அது. ஒரே நேரத்தில் எல்லாக் கால்களும் பலகையை மிதித்தன, நின்றன, மறுபடி மிதித்தன. பேச்சில்லை, பாட்டில்லை, கைதட்டில்லை. பலகைச் சந்துகளில் இருந்து தோல் தூசியும் பழைய மரப்பட்டைத் தூளும் வெயில் கோடுகளில் இறங்கி என் தோள்மேல் விழுந்தன. உச்சி வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

பயத்தோடு படி ஏறி எட்டிப் பார்த்தேன். எட்டுப் பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. எல்லோரும் தங்கள் கால் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் வட்டத்துக்கு வெளியே, கறுப்புத் துணியோடு, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்றிருந்தார். அவர் ஆடவில்லை. வட்டத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தின் ஓரத்தில் சித்தி நின்றிருந்தாள். ஒரு கை பக்கத்துப் பெண்ணிடம். இன்னொரு கை அந்த வெறும் இடத்தை நோக்கி நீண்டு, எதையோ பிடித்ததுபோல விரல் மடங்கி இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு சித்தியைக் கேட்டேன். அப்பா மூலமும் கை ஜாடை மூலமும் தெரிந்துகொண்டதை அவள் சொன்னாள். மேடம் மலைப்பக்கத்து ஊர்க்காரர். அங்கே இப்படித்தான் மேளம் இல்லாமல் ஆடுவார்கள். கால் சத்தமும், பெண்கள் மாரில் கோத்துத் தொங்கவிட்ட காசுகளின் சத்தமும்தான் தாளம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களெல்லாம் வட்டத்துக்கு வருவார்கள். பையன் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துச் சுற்றுவான். அவள் மிதி தவறுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று பார்ப்பான். அவனுடைய அம்மாவும் ஓரத்தில் நின்று பார்ப்பாள்.

"பொண்ணு பாக்கறதுதான். நம்மூர்ல காப்பி குடுக்கச் சொல்லி நடக்க வெச்சிப் பாக்கறாங்க. அங்க ஆட வெச்சிப் பாக்கறாங்க" என்றாள் சித்தி. "ஆனா அங்க பொண்ணும் அவனப் பாக்கலாமாம். புடிக்கலன்னா கைய விட்டுட்டு அடுத்தவ கையப் புடிச்சிக்குவாளாம். ஊரே பாத்துக்கினு இருக்கும். அப்பறம் யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களாம்."

"மேடம் ஏன் ஆடல?"

சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். துக்க வீட்டுக்காரர்கள் வட்டத்துக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மேடத்தின் தம்பி சண்டை நடக்கிற ஊருக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. இறந்திருந்தால் இவர் ஆடுவது பாவம். இருக்கிறான் என்றால், ஆடாமல் ஒதுங்கி நிற்பது அவனைச் சாகடிப்பது மாதிரி. அதனால்தான் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அந்தக் காலி இடம், வந்துசேராமல் இன்னும் வழியில் இருக்கிறவர்களுக்காக விடுவது என்றாராம். வேறு யாருக்காவது அப்படி வழியில் ஆள் உண்டா என்று கேட்டாராம். சித்தி போய் அந்த இடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஆட்டத்தில் ஒரு கட்டம் வரும். வட்டம் அப்படியே நின்றுவிடும். பிறகு ஒவ்வொருத்தியாக, வரிசையாக, வலது காலால் ஒரு மிதி. காலி இடத்துக்கு அடுத்து நின்றவள் தொடங்கி, சுற்றிவந்து சித்தியில் முடியும். எட்டு மிதி. பிறகு காலி இடத்தின் முறைக்காக ஒரு மிதி நேரம் எல்லோரும் சும்மா நிற்பார்கள். அதன்பின் மறுபடி எல்லாக் காலும் சேர்ந்து கிளம்பும்.

கீழே நின்று கேட்கிற எனக்கு அந்தச் சும்மா இருந்த நேரம் தாங்கவில்லை. நீங்களே தாளம் போட்டுப் பாருங்கள். எட்டு முறை தட்டிவிட்டு ஒன்பதாவதில் கையை நிறுத்துங்கள். உடம்பு கேட்காது. அதுவும் பதினோரு வயது உடம்பு. குழி ஓரத்தில் பழைய அச்சுக் கட்டைகள் குவிந்து கிடந்தன. ஷூவைத் தைத்து வடிவம் பிடிக்க உள்ளே வைக்கிற மரக்கால்கள். அதில் ஒன்றை எடுத்தேன். இடது கால். விரல் நுனி உடைந்திருந்தது. எட்டாவது மிதி விழுந்ததும், மாடியைத் தாங்கிய தூணில் அதை ஓங்கித் தட்டினேன்.

மேலே எல்லாம் நின்றுபோனது. ஒருத்தி "அய்யோ" என்றாள். யாரோ ஓட, யாரோ சிரிக்க, மேடம் அவர் பாஷையில் என்னவோ சொன்னார். நான் குழிக்குள் குதித்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாக இருந்தது. மறுநாளும் செய்தேன். இந்த முறை யாரும் ஓடவில்லை. ஒன்பதாவது தட்டுக்குப் பிறகு நீண்ட நேரம் அமைதி. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஆடினார்கள். பலகைச் சந்து வழியாக எனக்குச் சித்தியின் பாதம் மட்டும் தெரிந்தது.

மூன்றாம் நாள் எனக்கு அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் பத்து நாள். ஜன்னலுக்கு வெளியே போவோர் வருவோர் பேச்சு மட்டும் காதில் விழும். தையல் செக்‌ஷன் மேஸ்திரி அம்மாவின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"மேளம் அடிச்சி ஆடனா சாமின்னு சொல்லலாம். மேளமே இல்லாம, அதும் உச்சி நேரத்துல ஆடனா அது இன்னாம்மா? பக்கத்துல ஆள் நிக்கற மாரி கைய நீட்டிக்கினு நிக்கறா உன் தங்கச்சி. கால் சத்தம் கேக்குது. எட்டுப் பேரும் கேட்டிருக்காங்க."

"யாரு கால் சத்தம்?" என்று கேட்டாள் அம்மா.

"யாருன்னு நான் வேற சொல்லணுமா."

இதுதான் எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வேறு ஊரில் ஒரு பெண் மௌனமாக ஆடினால் அது ஆட்டம். எங்கள் ஊரில் மேளமில்லாமல் ஆடும் பெண் ஒரே காரணத்துக்காகத்தான் ஆடுவாள்: அவள் மேல் யாரோ இறங்கியிருக்கிறார்கள். இறங்கியிருப்பது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உயிரோடு இருப்பவர் ஆவியாக வர முடியாது. வந்திருக்கிறார் என்றால் செத்துவிட்டார். இரண்டு வருடமாகக் கிடைக்காத பதில் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது.

ஆனாலும் அவள் நர்ஸ். ஒரு முறை சரிபார்த்தாள். என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மைத் தழும்பில் மஞ்சளைத் தொட்டு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாப்பா, நீ தூக்கு எடுத்துக்கினு போனியே. நீ ஏதாவது கேட்டியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அடி விழும். அது ஒன்று. இன்னொன்று, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: பெரியவர்கள் இவ்வளவு பயப்படுகிற ஒரு விஷயத்தில் எனக்கும் ஒரு பங்கு வேண்டியிருந்தது.

"கேட்டேம்மா. எட்டுப் பேர் மிதிச்சாங்க. ஒம்பது கேட்டுச்சு."

அம்மா மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று அவள் நம்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்த கையோடு, ஒரு ஜெபக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். எங்கள் சபைப் பாதிரியாரான ஐயர் இல்லை. தனியாக ஊழியம் செய்கிறவர், ஒல்லி ஆள், வெள்ளை ஜிப்பா. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினார்கள். மத்தியானத்திலேயே வீடு இருட்டிக்கொண்டது. எனக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள் அறையிலிருந்து கதவிடுக்கில் பார்த்தேன். சித்தி பாயில் முழங்காலிட்டிருந்தாள். அவர் அவள் உச்சியில் எண்ணெய் வைத்து, கையை அழுத்திக்கொண்டு, "நீ யாரு, பேரச் சொல்லு" என்று கேட்டார். மறுபடி கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே கேள்வி. அப்பாவால் பார்க்க முடியவில்லை, எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். சித்தியின் கழுத்து வழியாக எண்ணெயும் வேர்வையும் இறங்கி ஜாக்கெட் நனைந்தது. அவள் வாயைத் திறக்கவே இல்லை.

பிறகு திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை. தாழ்ந்த, கரகரத்த, ரொம்ப தூரம் நடந்து வந்த ஆம்பிளையின் குரல். குவைத் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னது.

"எங்க இருக்க?" என்றார் ஜெபக்காரர்.

"மணல்ல."

"எதுக்கு இந்தப் புள்ளயப் புடிச்ச?"

"சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எனக்காக யாரும் காத்திருக்க வேணாம். நான் போறேன்."

சித்தி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். அம்மா ஓவென்று அழுதாள். நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். தூணில் தட்டியது நான். அப்படியானால் பேசியது யார்? என் தட்டு யாரையோ உண்மையாகவே கூப்பிட்டுவிட்டது என்று நினைத்தேன். எத்தனையோ வருடம் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் தனியாக இருக்கும்போது மேஜையில் விரலால் தட்டுகிற பழக்கம் எனக்கு இன்றுவரை கிடையாது.

குடியாத்தத்துக்கு ஆள் போனது. எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆனால் குவைத் மாப்பிள்ளையின் அம்மா ஒருவர் இருந்தாரே, அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை.

"என் புள்ள செத்துட்டான்னு யாரு சொன்னது?"

"அவனே சொன்னான்க்கா" என்றாள் அம்மா.

"எங்கிட்ட வந்து சொல்லலியே" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நம் சபைகளில் கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஐயர் கேட்பார். யாரும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. அது சும்மா ஒரு முறைக்குத்தான். முதல் ஞாயிறு வாசித்தார். என் கை வேர்த்தது. இரண்டாம் ஞாயிறு வாசித்தார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் ஞாயிறு ஐயர் "தடை" என்று சொல்லி முடிப்பதற்குள், பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் குவைத் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சொல்ல அவரிடம் என்ன இருந்தது? மகனிடமிருந்து ஒரு வரி இல்லை, ஒரு சாட்சி இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தக் கோயிலில் உண்மையான தடை ஒன்று இருந்தது என்றால் அது என்னிடம் இருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கல்யாணம் முடிந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. மேடத்தை மாடிக்குப் போக வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பெண்களுக்குப் பேய் பிடிக்கவைத்தவர் என்று பெயர் வாங்கியாயிற்று. மழைக்கு முன்னால் புருஷனும் மனைவியும் ஊரை விட்டுப் போனார்கள். அவருடைய தம்பி என்ன ஆனான் என்று தெரியாது. குவைத் மாப்பிள்ளையும் வரவே இல்லை. இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அவர் அம்மா சாகும்வரை தபால்காரர் வரும் நேரத்தில் எங்கும் வெளியே போகமாட்டார் என்று சொல்வார்கள்.

போன வருடம் என் மகள் போனில் தேடிக் கொடுத்தாள். மௌன ஆட்டம் இருக்கிறது. அந்த நாட்டு மலைப்பக்கத்தில் இன்னும் ஆடுகிறார்கள், காசுமாலை குலுங்க, தரை அதிர. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதே மிதி. ஆனால் ஒவ்வொருவராக மிதிக்கிற அந்தக் கட்டம் நான் பார்த்த எதிலும் இல்லை. காலி இடம் விடும் வழக்கம் எங்கேயும் இல்லை. அது மேடம் வீட்டு வழக்கமோ, அந்த மாடியில் நின்று அவரே உண்டாக்கிக்கொண்டதோ, இனி யாரைக் கேட்பது.

குடியாத்தத்துச் சித்தப்பா நல்ல மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். சித்திக்கும் அறுபதாகப் போகிறது. இந்த லெந்து நோன்பு நாட்களில் குடியாத்தம் போயிருந்தேன். மத்தியானம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாள் சுமப்பது என்று சொல்லிவிட்டேன்.

"சித்தி, அந்த மாடில கேட்ட ஒம்பதாவது சத்தம், அது நான். கீழ இருந்து கட்டையால தூண்ல தட்டினேன். அவரு ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னாலதான் எல்லாம்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"பலக சந்துல உன் ரிப்பன் தெரிஞ்சிது. ரெண்டு நாளு தட்டன. தூண்ல தட்டனா கீழருந்து மேல வரும். அது எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம்கூட வந்தது. "தெரிஞ்சி ஏன் சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா…"

"நீ அம்மை போட்டுப் படுத்துக்கினு இருந்தியே பத்து நாளு" என்றாள். "அந்தப் பத்து நாளும் கேட்டுச்சி. தூண்ல இல்ல. பலகைல, எம் பக்கத்துல. என் கை நனஞ்சிருக்கும், யாரோ வேர்த்த கையால புடிச்சிருந்த மாரி. மேடத்துக்கும் கேட்டுச்சி. அவங்க என்னப் பாப்பாங்க, நான் அவங்களப் பாப்பேன். அவங்க தம்பியா, என் ஆளான்னு ரெண்டு பேருக்கும் தெரியல. ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கவும் இல்ல."

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ போனது. அது போய் முடிந்ததும் கேட்டேன்.

"அப்ப ஜெபத்துல பேசனது அவருதானா?"

சித்தி சிரித்தாள். "அவரு எங்க பேசனாரு. பேசனது நான்தான். நல்லா தெரிஞ்சிதான் பேசனேன். ரெண்டு வருசம் ஒரு ஆளுக்காக வாசலப் பாத்துப் பாரு, அப்பத் தெரியும் உனக்கு. எனக்கு அலுத்துப் போச்சிடி. யாராவது போன்னு சொன்னா போய்டலாம்னு இருந்திச்சி. அவரு சொல்லல. அவருக்காக நானே சொல்லிக்கிட்டேன்."

கீரையைத் தள்ளி வைத்தாள்.

"மறுநாளு திங்கக்கிழம வேலைக்குப் போனேன். கடைசியா ஒருவாட்டி ஆடனோம். எட்டு மிதிச்சாச்சி. ஒம்பதாவதுக்கு நின்னேன். நின்னுக்கினே இருந்தேன். ஒண்ணும் வரல. கையும் காஞ்சிருந்திச்சி. மேடம் அங்கியே ஒக்காந்து அழுவறாங்க. யாரு வந்திருந்தாங்களோ, எங்கருந்து வந்தாங்களோ, ஒரு வார்த்த இன்னான்னு கேக்காம போவச் சொல்லிட்டேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஓல வாசிக்கும்போது அவங்கம்மா எழுந்து நின்னாங்களே. நாம எழுந்திருக்கலியேன்னு இத்தினி வருசமா நீ நெனச்சிக்கினு இருந்தியா? சின்னப் புள்ள நீ எதுக்குடி எழுந்திருக்கணும். நான்தான் எழுந்திருக்கணும். அவங்க நின்னாங்க இல்ல, அப்ப என்னையத்தான் பாத்தாங்க."